ஒரிஜினல் கங்கைக்கு வழி எது?

கங்கையைத் தினமும் இரண்டு தடவை தரிசனம் செய்தவன் நான். காலை ஒன்பது இருபதுக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை. கணக்குப்படி ஏழு ஜென்மத்துப் பாவமும் பைசல் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தரிசனத்தின்போதெல்லாம் நான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக் கொண்டிருந்ததுதான் காரணமோ என்னவோ. இன்னொரு கை மெட்ரோ ரயிலின் கம்பியில்.

2014-ல் ஒரு பி.காம். சர்ட்டிபிகேட், ஒரு சூட்கேஸ், அம்மா கொடுத்த பருப்புப்பொடி டப்பா சகிதம் கொல்கத்தா போய் இறங்கினேன். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அசிஸ்டெண்ட் வேலை. அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடித்தால் சம்பளம். ஆபீஸ் சாந்தினி சௌக்கில். ஜாகை, ஊரின் தென்கோடியில் கரியா பஜாரில். வாடகை அங்கேதான் என் சம்பளத்துக்குள் அடங்கியது.

கரியாவிலிருந்து டாலிகஞ்ச் வரை மெட்ரோ ரயில் தூண்கள் மேல் ஓடும். முதல் நாள் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். கறுப்பாக ஒரு சாக்கடை. தார் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. அடுத்த ஸ்டேஷன் வந்தது, சாக்கடையும் வந்தது. அதற்கடுத்த ஸ்டேஷன், அங்கேயும் அதே சாக்கடை. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. சாக்கடை ரயிலோடு வரவில்லை சார், ரயில்தான் சாக்கடை மேலேயே போகிறது. தூண்கள் வரிசையாக அதன் நடுவயிற்றில் இறங்கி நின்றன.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "தாதா, இது என்ன நாலா?" என்று கேட்டேன். அவர் குடையை அக்குளில் இடுக்கிக் கொண்டு, சாக்கடையைப் பார்த்து நெற்றியில் கை வைத்து ஒரு கும்பிடு போட்டார். "நாலா இல்லை, ஆதி கங்கா" என்றார்.

சாக்கடைக்குக் கும்பிடு போடுகிற ஊரா! வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தேன்.

சித்தப்பா சொன்ன கதை

லேக் மார்க்கெட் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென் கொல்கத்தாவில் ஒரு குட்டி மாம்பலம். வாழை இலை, கறிவேப்பிலை, காபிப்பொடி எல்லாம் கிடைக்கும். என் சித்தப்பா அங்கேதான் குடியிருந்தார். 1968-ல் வேலை தேடி ஹௌராவில் ரயிலிறங்கி, ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்து, ஹெட்கிளார்க்காக ரிடையர் ஆனவர். குழந்தைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். சித்தி கையால் மோர்க்குழம்பும் சேப்பங்கிழங்கு வறுவலும் சாப்பிடுவதற்காகவே திங்கள் முதல் சனி வரை உயிரைப் பிடித்துக் கொண்டிருப்பேன்.

"சித்தப்பா, அந்தச் சாக்கடையைப் போய் கங்கைன்னு கும்பிடறாங்களே, என்ன கூத்து?"

சித்தப்பா குழம்புச் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "டேய், அதுதாண்டா ஒரிஜினல். ஹௌரா பிரிட்ஜுக்கு அடியில ஓடறியே... ஓடறதே, அது கிதிர்பூரைத் தாண்டினா டூப்ளிகேட்."

"இவர் ஆரம்பிச்சுட்டார்" என்றாள் சித்தி. "ரசம் ஆறிப் போகும். கங்கை எங்கேயும் போகாது. சாப்பிட்டுட்டுப் பேசுங்கோ."

சித்தப்பா சொன்னதையும், பிறகு லீவு நாட்களில் அங்கே நேஷனல் லைப்ரரியில் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்றைக்கு ஹூக்ளி நதி கொல்கத்தாவைத் தாண்டியதும் மேற்கே வளைந்து சாங்ராயில் பக்கமாகப் போய்த் தெற்கே கடலுக்கு இறங்குகிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கங்கை அப்படிப் போகவில்லை. இப்போது ஹேஸ்டிங்ஸ் என்கிறார்களே, அந்த இடத்தில் தென்கிழக்கே திரும்பி, காளிகாட், கரியா, பாருய்பூர், ஜெய்நகர் வழியாகப் போய் சாகர் தீவுப் பக்கம் கடலில் விழுந்தது. பிப்ரதாஸ் பிபிலாய் என்ற வங்கக் கவிஞர் 1495-ல் எழுதிய காவியத்தில் சாந்த் சௌதாகர் என்ற வியாபாரி கப்பல் விடுவது இந்த வழியில்தான். காளிகாட், பாருய்பூர், சத்ரபோக் என்று துறைகள் வரிசையாக வருகின்றன. 1510-ல் சைதன்யர் புரிக்குப் போனபோதும் இதன் கரையோரமாகவே நடந்தார்.

காளிகாட் என்ற பெயரையே பாருங்கள். 'காட்' என்றால் படித்துறை. காளி கோயில் (இப்போதுள்ள கட்டடம் 1809-ல் எழுந்தது) ஒரு படித்துறையில் இருக்கிறது என்றால், எதிரே ஆறு இருந்தாக வேண்டும் அல்லவா? அந்த ஆறுதான் நான் மூக்கைப் பொத்திய ஆறு.

டெபாசிட் போட்ட கடல்

"அவ்வளவு பெரிய ஆறு எப்படிச் சித்தப்பா சாக்கடையாச்சு?"

"டெபாசிட்" என்றார்.

"பேங்க்லயா?"

"வண்டல்டா! பி.காம்.னா எல்லாமே பேங்க்தானா? இங்கே தினம் ரெண்டு வேளை கடல் ஏறும். ஓதம். பெங்காலியில ஜோவார்ம்பான். ஏறும்போது அவசரமா வரும், சேத்தைக் கலக்கி அள்ளிண்டு வரும். இறங்கும்போது நிதானமா இறங்கும். அவசரத்துல கொண்டு வந்ததை நிதானத்துல கீழே வெச்சுட்டுப் போயிடும். மேலேருந்து நல்ல தண்ணி வேகமா வந்து தள்ளினா அது வித்டிராயல். வரலேன்னா வெறும் டெபாசிட்தான். தினம் ரெண்டு வேளை, லீவே கிடையாது!"

முப்பத்தைந்து வருஷம் கப்பல்களின் வருகைக்கு ஓத அட்டவணை பார்த்த மனிதர். ஆற்றின் பாஸ்புக் அவருக்கு மனப்பாடம்.

மேலேயிருந்து வர வேண்டிய தண்ணீர் என்ன ஆயிற்று? கங்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே சாய்ந்தது. அதன் பெரும்பங்கு இன்று பங்களாதேஷில் ஓடுகிற பத்மாவுக்குப் போய்விட்டது. மேற்கே வங்காளத்துக்கு வந்த கிளை மெலிந்தது. கல்கத்தா துறைமுகமே இந்த வண்டலில் மூழ்கப் பார்த்தது. அதைக் காப்பாற்றத்தான் ஃபராக்காவில் அணை கட்டி, 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, விநாடிக்கு 40,000 கன அடி வரை தண்ணீரைத் திருப்பி விடுகிற ஏற்பாடு 1975-ல் வந்தது.

ஆதி கங்கைக்கு அப்படி ஓர் அணை கிடைக்கவில்லை. நேர்மாறாக, அதற்கிருந்த கொஞ்சத் தண்ணீரும் வேறு பக்கம் போயிற்று. 18-ம் நூற்றாண்டில் ஹூக்ளியை மேற்கே இருந்த பழைய சரஸ்வதி ஆற்றின் கீழ்ப்பகுதியோடு இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெட்டியவர் நவாப் அலிவர்தி கான் என்று ஒரு கட்சி, டச்சு வியாபாரிகள் என்று இன்னொரு கட்சி. யார் வெட்டினாலும் சரி, ஆற்றுக்குக் குறுக்குவழி பிடித்துப் போயிற்று. எல்லாத் தண்ணீரும் அதில் இறங்கிவிட்டது. அதனால்தான் பழைய ஆசாரக்காரர்கள் அந்தப் பகுதியைக் 'காட்டா கங்கா', அதாவது வெட்டிய கங்கை என்பார்கள். வெட்டினதற்கு ஏது புண்ணியம்? புண்ணியமெல்லாம் வற்றிப் போன பழைய பாதைக்குத்தான்.

தண்ணீர் ஒரு பக்கம், புண்ணியம் ஒரு பக்கம். அக்கவுன்ட்ஸில் இதை ரிகன்சைல் பண்ணவே முடியாது.

டாலி என்கிற மேஜர்

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். வில்லியம் டாலி, கம்பெனியின் ராணுவத்தில் மேஜர். தூர்ந்து கிடந்த ஆதி கங்கையைப் பார்த்தார். நமக்குத் தெரிந்தது சேறு, அவருக்குத் தெரிந்தது பிசினஸ். கரியா வரை பழைய பாதையை ஆழப்படுத்தி, அங்கிருந்து கிழக்கே சாமுக்போதா வரை புதிதாக வெட்டி வித்யாதரி ஆற்றோடு சேர்த்துவிட்டால், கிழக்கு வங்காளத்துப் படகுகள் சுற்றாமல் கல்கத்தா வந்துவிடலாம். செலவு அவருடையது. பதிலுக்குப் படகுகளிடம் சுங்கம் வசூலித்துக் கொள்ளலாம், கரையில் சந்தை நடத்திக் கொள்ளலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்தது. 1775-ல் வேலை ஆரம்பம், 1777-ல் படகுப் போக்குவரத்து. நம் ஊர் ஹைவே டோல்கேட்டுக்கெல்லாம் தாத்தா!

கால்வாய்க்கு டாலி நாலா என்று பெயர் வந்தது. 'கஞ்ச்' என்றால் சந்தை. டாலியின் சந்தை டாலிகஞ்ச் ஆயிற்று. பின்னாளில் டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்கள் வந்தன. 1932-ல் ஓர் அமெரிக்க சவுண்ட் இன்ஜினீயர் அதை ஹாலிவுட்டோடு முடிச்சுப் போட்டு 'டாலிவுட்' என்று எழுதி வைத்தார். தெலுங்கு சினிமாவுக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிறகுதான். நம் கோடம்பாக்கத்துக் கோலிவுட் அதற்கும் பின்னால் வந்தது. ஆக, நீங்கள் முதல் நாள் முதல் ஷோவுக்கு அடித்துப் பிடித்து வாங்குகிற டிக்கெட்டுக்கும் ஒரு தூர்ந்த ஆற்றுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

டாலி நன்றாகவே சம்பாதித்திருக்க வேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸின் பெல்வெடேர் மாளிகையை 1780-ல் வாங்கினார். அந்த மாளிகையில்தான் பின்னாளில் நேஷனல் லைப்ரரி வந்தது. நான் டாலியைப் பற்றிப் படித்தது டாலியின் தோட்டத்திலேயே!

அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1784-ல் இறந்து போனார். கால்வாய் இருந்தது. ஆனால் கடல் தன் டெபாசிட்டை நிறுத்தவில்லை. மறுமுனையில் இருந்த வித்யாதரியும் தூர்ந்து, 1928-ல் அது செத்த ஆறு என்று சர்க்காரே அறிவித்துவிட்டது. ஒரு முனை ஹூக்ளியில், மறுமுனை எங்குமில்லை. முட்டுச் சந்தில் தண்ணீர் என்ன செய்யும்? நிற்கும்.

ஆளுக்கொரு காரணம்

நிற்கிற தண்ணீரைக் கண்டால் மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வில்லன் அகப்படவேயில்லை. தேடிப் பார்த்தேன். ஆளுக்கொரு நியாயமான காரணம் வைத்திருந்தார்கள்.

1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். டாலிகஞ்ச், ஜாதவ்பூர், கரியா எங்கும் காலனிகள் எழுந்தன. உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு வந்தவனிடம், 'இது ஆற்றுக்கரை, வீடு கட்டாதே' என்று யார் சொல்வது? வீடுகள் வந்ததும் கழிவுநீர் வந்தது. முனிசிபாலிடிக்குக் குழாயை எங்கே விடுவதென்ற கவலை. கைக்கெட்டின தூரத்தில் பள்ளம் ரெடி.

கரியாவுக்குத் தெற்கே இன்னும் வேடிக்கை. அங்கே ஆறு முழுசாகவே தரையாகிவிட்டது. பழைய பாதையில் ஆங்காங்கே குளம் வெட்டிக் கொண்டார்கள். அந்தக் குளங்களுக்குப் பெயர் 'கோஷேர் கங்கா', 'போசேர் கங்கா'. கோஷ் வீட்டுக் கங்கை, போஸ் வீட்டுக் கங்கை! பகீரதன் ஒற்றைக்காலில் தவமிருந்து கொண்டு வந்ததை இவர்கள் பங்கு பிரித்துக் கொண்டார்கள். ஆனாலும் பாருங்கள், அந்தக் குளக்கரைகளில் பிணம் எரித்தார்கள். குளத்துத் தண்ணீரைக் கங்கா ஜலமாகவே பாவித்தார்கள். ஓட்டம் நின்ற பின்னாலும் மரியாதை நிற்கவில்லை.

1998-ல் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி கல்கத்தா ஹைகோர்ட் உத்தரவு போட்டது. ஹேஸ்டிங்ஸிலிருந்து கரியா வரை சுமார் 15.5 கிலோமீட்டரில் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. கட்டுமானங்கள் 7,851. அதில் கோயில்கள் 90, கோடவுன்கள் 69, மாட்டுக் கொட்டகைகள் 12. கங்கைக்குள்ளேயே 90 கோயில் என்றால், புண்ணியத்துக்கு எங்கே பஞ்சம்?

2001 செப்டம்பரில் போலீஸ் பந்தோபஸ்துடன் குடிசைகளை இடித்தார்கள். ஆற்றை மீட்கிறோம் என்றார்கள். ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு போனார்கள். ஆறு காலியானதா?

இடிக்கப்பட்ட குடிசைகளுக்குப் பதில் மெட்ரோ ரயில் வந்தது. டாலிகஞ்சிலிருந்து கரியாவுக்குப் பாதை நீட்ட வேண்டும். நிலம் கையகப்படுத்தினால் செலவு, வழக்கு, வருஷங்கள். ஆற்றுக்கு மேலே போனால் யார் நஷ்டஈடு கேட்கப் போகிறார்கள்? ஏறத்தாழ 300 தூண்கள் இறங்கின. சுற்றுச்சூழல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ரயில்வேக்கென்று இருக்கிற தனிச் சட்டம் கை கொடுத்தது. 2009 ஆகஸ்டில் கரியா பஜாருக்கு ரயில் வந்து சேர்ந்தது. குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. தூண் போட்டால் வளர்ச்சி.

இதைச் சொல்லி நான் கோபப்பட்டேன். சித்தப்பா கேட்டார்: "உன் பாஸ் என்ன விலைடா?"

வாயை மூடிக் கொண்டேன். பஸ்ஸில் போனால் ஆபீஸுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். மெட்ரோவில் அரை மணிச் சொச்சம். ஆளுக்கொரு நியாயமான காரணம் என்று சொன்னேனே, அந்த லிஸ்டில் கடைசிப் பெயர் என்னுடையது.

மூன்றாவது படி

2016 ஜனவரியில் சித்தி இறந்து போனாள். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள், காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

கேவராதலா மயானத்துக்கு எடுத்துப் போனோம். காளிகாட்டுக்குப் பக்கத்தில், ஆதி கங்கைக் கரையிலேயே இருக்கிறது. 1925-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் சிதையேறிய இடம். சத்யஜித் ரேயை 1992-ல் கொண்டு போனதும் அங்கேதான். மின்மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஒரு மண்கலயத்தில் போட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கப் படித்துறையில் இறங்கிக் கரைத்துவிட்டு வரலாம் என்றார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சித்தப்பா கலயத்தோடு படி இறங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது படியில் நின்றுவிட்டார்.

தண்ணீர் வடிந்திருந்த நேரம். நடுவே ஒரு சாண் கறுப்பு ஓடை. இரண்டு பக்கமும் சேறு. சேற்றில் பிளாஸ்டிக் பைகள், சாமந்தி மாலைகள், ஒரு ஒற்றைச் செருப்பு. சேற்றிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வாயு கிளம்பி வெடித்துக் கொண்டிருந்தது.

"இதுலயா?" என்றார்.

கூட வந்த புரோகிதர் பதமாகத்தான் சொன்னார். "இதுதான் ஆதி கங்கை. இதைவிட உசத்தி கிடையாது." சித்தப்பாவே நாற்பத்தெட்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்த வார்த்தை அது. நின்று கொண்டே இருந்தார். பிறகு திரும்பி மேலே ஏறி வந்து, "டாக்ஸி பிடிடா" என்றார்.

பாபுகாட்டுக்குப் போனோம். அது ஹேஸ்டிங்ஸுக்கு வடக்கே இருக்கிறது. அதாவது, கங்கை பழைய பாதை, புதிய பாதை என்று பிரிவதற்கு முந்தின இடம். அங்கே ஒரிஜினல், டூப்ளிகேட் தகராறு கிடையாது. அகலமான தண்ணீர், காற்று, தூரத்தில் ஒரு ஸ்டீமர். சித்தியை அங்கேதான் விட்டோம்.

திரும்பும்போது டாக்ஸியில் சித்தப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வீட்டுக்கு எதிர்ல கங்கை. அவளை வாடகை வண்டியில கூட்டிண்டு போனேன் பாரு."

அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கம்போல் மெட்ரோவில் ஏறினேன். ஜன்னல் பக்கம் நிற்கவில்லை.

செத்த ஆறு என்ன செய்யும்?

செத்துப் போன ஆறு சும்மா கிடக்கும் என்று நினைக்கிறோம். கிடக்காது.

கழிவுநீரில் இருக்கிற அழுக்கைத் தின்ன பாக்டீரியாக்கள் உண்டு. தின்பதற்கு அவற்றுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஓடுகிற ஆறு காற்றிலிருந்து ஆக்ஸிஜனைக் கலந்து கொண்டே போகும். நிற்கிற தண்ணீரில் இருப்பு சீக்கிரம் காலி. அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாமல் பிழைக்கிற வேறு ரக பாக்டீரியாக்கள் டியூட்டிக்கு வரும். அவை விடுகிற வாயுதான் நான் பார்த்த கொப்புளம், நான் பொத்திய மூக்கு. மீன் போய்விடும், கொசு வந்துவிடும். தண்ணீர் தூண்களுக்கு நடுவே நெளிந்து மெதுவாகப் போவதால் வண்டல் இன்னும் சௌகரியமாகப் படியும்.

கழிவுநீர் என்றாலே இந்தக் கதிதானா? இல்லை. அதே ஊரின் கிழக்கே போய்ப் பாருங்கள். வித்யாதரி செத்துப் போனதே, அந்தப் பக்கத்து உப்பேரிகளில் நகரத்தின் கழிவுநீரை விட்டு மீன் வளர்க்கக் கற்றுக் கொண்டார்கள் அங்கேயிருந்த மீனவர்கள். ஆழமில்லாத அகலமான குளங்கள், மேலே வெயில், உள்ளே பாசி. அழுக்கு மீனுக்குச் சாப்பாடு, மீன் ஊருக்குச் சாப்பாடு. 1980-களில் துருவஜோதி கோஷ் என்கிற அரசு இன்ஜினீயர், 'ஊர்க் கழிவெல்லாம் எங்கேதான் போகிறது?' என்று தேடிக் கொண்டு போய் இந்த அதிசயத்தை உலகத்துக்குச் சொன்னார். 12,500 ஹெக்டேர். 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அழுக்குக்குக் கொஞ்சம் இடமும் வெயிலும் கொடுத்தால் கெண்டை மீன் ஆகும். இரண்டு பக்கமும் நெருக்கி, தலைக்கு மேல் ரயிலும் விட்டால் வெறும் நாற்றம்தான்.

நாற்றத்தோடு போனாலும் பரவாயில்லை. 2025 செப்டம்பர் 22 ராத்திரி தொடங்கி மறுநாள் காலைவரை கொல்கத்தாவில் கொட்டிய மழை ஞாபகமிருக்கும். ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல். நான் குடியிருந்த கரியா பக்கம் 300-ஐத் தாண்டியது. துர்கா பூஜைக்குப் போட்டிருந்த பந்தல்கள் மிதந்தன. தெருத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் செத்துப் போனார்கள். நம்மைப் போல வேலைக்குக் கிளம்பியவர்கள். தென் கொல்கத்தாவின் மழைநீர் வடிவதற்கு இயற்கை கொடுத்த வழிகளில் ஒன்று ஆதி கங்கை. அந்த வழியில்தான் முந்நூறு வருஷத்து டெபாசிட் படுத்திருக்கிறது. ஹூக்ளியில் ஓதம் ஏறுகிற நேரமாக இருந்தால் மதகுகளையும் மூடியாக வேண்டும். திறந்தால் ஆறே ஊருக்குள் வரும். அப்புறம் மழை எங்கே போகும்? உங்கள் வாசலுக்குத்தான்.

2023-ல் கங்கைத் திட்டத்தில் இதற்காகச் சுமார் 650 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கழிவுநீரை மடக்கிச் சுத்தப்படுத்துகிற நிலையங்கள் கட்டவும் மற்ற வேலைகளுக்கும். நல்ல காரியம். ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? குழாய்க்கு டெண்டர் விடலாம். தூண்களுக்கு என்ன செய்வது? அவற்றின் மேல் தினமும் நான் போனேனே, அதற்கு?

ஜோவார்

அந்த மழைக்கு இரண்டு மாசம் கழித்துச் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை அப்படியே இருந்தது. எழுபத்தெட்டு வயதாகிறது அவருக்கு. "எங்களோட ஊருக்கு வந்துடுங்களேன்" என்றேன். பதில் சொல்லாமல் கைத்தடியை எடுத்துக் கொண்டு, "வா, ஒரு இடத்துக்குப் போகலாம்" என்றார்.

காளிகாட் பாலத்துக்குக் கூட்டிப் போனார். சட்டைப் பையில் ஒரு பாக்கெட் நோட்டு. அதில் தினப்படி ஓத நேரம் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். பழைய வேலை மறக்கவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.

கீழே அதே கறுப்புத் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வடக்கே, ஹூக்ளி பக்கமாக, போகலாமா வேண்டாமா என்று போய்க் கொண்டிருந்தது. பார்த்துக் கொண்டே இருந்தோம். பாட்டில் நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தெற்கே, எங்களை நோக்கித் திரும்பி வர ஆரம்பித்தது. பின்னாலேயே செம்மண் கலரில், பால் விட்ட டீ மாதிரி ஒரு தண்ணீர் கறுப்பைத் தள்ளிக் கொண்டு வந்தது. நாற்றம் கொஞ்சம் அடங்கிற்று. கரைச் சேற்றை ஒவ்வொரு அங்குலமாக மூடியது. எதிர்க்கரையில் ஒரு பையன் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டான்.

"ஹூக்ளி தண்ணி" என்றார் சித்தப்பா. "தினம் ரெண்டு வேளை இன்னும் வந்துண்டுதான் இருக்கு. இத்தனை பண்ணியும் அது வரதை நிறுத்தலை பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "பாபுகாட்ல விட்டோமே... வத்தத்துல இறங்கி ஹேஸ்டிங்ஸைத் தாண்டிப் போயிருக்கும். ஏத்தத்துல திரும்பி வந்து, இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். இங்கதான் எங்கேயோ டெபாசிட் ஆகியிருப்பா. நான் எப்படிடா ஊருக்கு வரது?"

சாயந்தரம் கரியாவில் ஒரு பழைய சிநேகிதனைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லை, மெட்ரோவில்தான் போனேன். டாலிகஞ்சைத் தாண்டி ரயில் தூண் மேல் ஏறியதும் கீழே பார்த்தேன். இருட்டிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன், "அங்கிள், கீழே என்ன பார்க்கிறீங்க?" என்று இந்தியில் கேட்டான்.

"ஆதி கங்கா" என்றேன். மூக்கைப் பொத்தவில்லை.